டூல்ரூம் தனசேகரும் காய்கறிகளும்

போன மாதம் ஒரு நாள் காலையில் ஸ்வப்னா கூப்பிட்டாள். செகந்திராபாத்தில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரியில், எனக்குப் பிறகு ஸ்பீச் தெரபிஸ்டாகச் சேர்ந்த பெண். பழைய பட அட்டைகளை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு இப்போது டேப்லெட்டில்தான் பரிசோதனை செய்கிறார்களாம். திரையில் ஒரு படம் வரும். நோயாளி அதை விரலால் இழுத்து அதற்குரிய பெட்டிக்குள் போட வேண்டும். சரியா தவறா என்று அதுவே மார்க் போட்டுவிடும். தமிழ் பேசுகிறவர்களுக்கான பெயர்களை நான் ஒரு தடவை பார்த்துத் தர வேண்டும் என்றாள்.

"எல்லாம் சரியா இருக்கு மேடம், ஒண்ணுதான் சந்தேகம்" என்று தெலுங்கில் கேட்டாள். "தேங்காயை எந்தப் பெட்டியில போடறது? காய்கறியா, பழமா?"

போனைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டில் கேட்டேன். "பேர்லயே காய்னு இருக்கே" என்றார் என் கணவர். கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகள், "பூஜை சாமான் அத்தை, வெத்தலை பாக்கோட" என்றாள். மகனுக்கு அது மளிகை; எண்ணெய் அதிலிருந்துதானே வருகிறது என்றான். ஆளுக்கொரு பதில். எல்லோருக்கும் மூளை நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஆனால் அந்த டேப்லெட் இவர்களில் அதிகம் போனால் ஒருவரைத் தவிர மற்றவர்களை ஃபெயிலாக்கியிருக்கும்.

இதைச் சொன்னதும் ஸ்வப்னா சிரித்து, "மேடம், உங்க காலத்துக் கதைகளை எழுதி வையுங்க, எங்களுக்கு உதவும்" என்றாள். அதனால் எழுதுகிறேன். கதைகள் நிறைய இருக்கின்றன. எழுத உட்கார்ந்தால் தனசேகர்தான் முதலில் வந்து நிற்கிறார்.

எங்கள் குடும்பம் வெள்ளைக்காரர் காலத்தில் பட்டாளத்தோடு வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து செகந்திராபாத்தில் தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ்தான் என்றாலும் நடுவில் ஊர் உருதுவிலிருந்து, ஆமாமுக்கு ஒரு ஹவ்வும் வேண்டாமுக்கு ஒரு நக்கோவும் விழாமல் பேச்சு நகராது. கடைக்குப் போனால் தெலுங்கு. மைசூரில் பேச்சுப் பயிற்சி படித்துவிட்டு வந்தபோது, எனக்கு வேலை கிடைத்ததற்கு என் மார்க்குகளைவிட இந்தக் கலப்படம்தான் காரணம். எந்த மொழிக்காரர் நாக்கு குழறி வந்து உட்கார்ந்தாலும் அவரோடு நாலு வார்த்தை பேச என்னால் முடிந்தது.

அங்கே எங்களுக்குத் தலைவி அனசூயா மேடம். உயரமான தெலுங்குப் பெண்மணி, எப்போதும் கஞ்சி போட்ட காட்டன் புடவை. நோயாளியின் முன்னால் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் தள்ளிவிடுவார். "கால் சும்மா இருந்தாத்தான் வாய் சும்மா இருக்கும்" என்பார். அவர் எங்களோடு பேசியது தெலுங்கில்; இங்கே தமிழில் எழுதுகிறேன். ஒரே ஒரு சொல்லை மட்டும் தெலுங்கிலேயே விட்டாக வேண்டும். அது 'எந்துக்கு?' ஏன் என்று அர்த்தம். அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவர் எந்தப் பரிசோதனையையும் முடித்ததில்லை.

பக்கவாதம் வந்தோ தலையில் அடிபட்டோ பேச்சு போனவர்களிடம், எது எதோடு சேர்ந்தது என்ற அறிவு மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலையில் ஒரு பகுதி. அதற்குத்தான் அட்டைகள். மாடு, கரண்டி, சுத்தியல், வாழைப்பழம், காக்கை என்று ஒரு படத்துக்கு ஓர் அட்டை. மேஜைமேல் வேறெதுவும் இருக்கக் கூடாது. நன்றாகக் கலைத்துப் பரப்பி, "சேர்ந்ததைச் சேர்த்து வையுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும். எத்தனை குவியல் என்று சொல்லக் கூடாது. நம் கண் எந்த அட்டைமேலும் நிற்கக் கூடாது. நோயாளி அட்டையைப் பார்ப்பதைவிட நம் கண்ணைத்தான் அதிகம் பார்ப்பார். சரியாக வைத்தால் தலையாட்டக் கூடாது. எனக்கோ தலையாட்டுவது பிறவிக் குணம். மேடம் சில நாள் பார்த்தார். பிறகு விளிம்பு வரை டீ ஊற்றிய கிளாஸ் ஒன்றை என் இரண்டு கையிலும் கொடுத்து, பரிசோதனை முடியும் வரை பிடித்துக்கொண்டு உட்காரச் சொன்னார். அந்த மாதம் முழுவதும் என் புடவைகளில் டீக்கறை. அடுத்த மாதம் தலை நின்றுவிட்டது.

எல்லாம் வைத்து முடித்த பிறகுதான் ஒவ்வொரு குவியலாகக் காட்டி 'எந்துக்கு?' என்று கேட்க வேண்டும். தவறு என்று எழுதும் முன் கட்டாயம் கேட்டாக வேண்டும். ஒரு தடவை, பேச்சு அடியோடு போன ஓர் ஆட்டோ டிரைவர் மாடு, நாய், கோழி, பள்ளிக்கூடப் பையன், தள்ளுவண்டி எல்லாவற்றையும் ஒரே குவியலாக வைத்தார். நான் பேனாவை எடுத்துவிட்டேன். மேடம் பின்னாலிருந்து, "எந்துக்கு?" என்று அவரைக் கேட்டார். அவர் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடிப்பது போலப் பிடித்து, வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார். வண்டிக்குக் குறுக்கே வருகிறவை. அதைவிடச் சுத்தமான குவியலை நான் அதுவரை பார்த்ததில்லை. மேடம் முழு மார்க் போடச் சொன்னார்.

தனசேகர் வந்தது நான் வேலையில் நன்றாக ஊறிய பிறகு. அவர் மனைவி சரளாவும் கூட வந்திருந்தாள். ஆம்பூர்ப் பக்கத்துக்காரர்கள், லோத்குண்டாவில் வீடு. அவருக்குச் சனத்நகரில் ஒரு பட்டறையின் டூல்ரூமில் மேஸ்திரி வேலை. டூல்ரூம் என்றால் மற்ற மெஷின்களுக்கான கருவிகளைச் செய்து கொடுக்கும் இடம். பட்டறையிலேயே கைவேலை சுத்தமானவர்களைத்தான் அங்கே போடுவார்கள். மழைக்காலத்தில் மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்தவர். டாக்டர்கள் குணமாகிவிட்டது என்று அனுப்பி, அவர் வேலைக்கும் திரும்பிப் பல வாரம் ஆகிவிட்டது. பட்டறையில் ஒரு குறையும் இல்லை. குறை சொன்னது சரளா மட்டும்.

நாற்காலியில் உட்கார்ந்ததுமே பையை என் மேஜைமேல் கவிழ்த்தாள். பீட்ரூட்டும் முள்ளங்கியும் உருண்டன.

"கத்தரிக்காய் வாங்கினு வாங்கன்னேன் மேடம். இதைத் தூக்கினு வராரு. நேத்து இல்ல, முந்தாநேத்து இல்ல, தெனமும். முருங்கைக்காய்னா புடலங்காய். கொத்தமல்லின்னா பாலக்கு. கேட்டா, எல்லாம் காய்தானேங்கறாரு. வேணும்னே பண்றாரு. மார்க்கெட்டுக்கு அனுப்பாம இருக்கறதுக்கு."

தனசேகர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல உருண்டு திரண்ட கை.

"வேலையில எல்லாம் ஞாபகம் இருக்குது. வூட்டு விஷயம் மட்டும் மறந்துபோகுதா? நான் எங்க அக்கா வூட்டுக்கு ஆம்பூர் போறேன்னு டிக்கெட் எடுத்து வச்சிருக்கேன். டாக்டருதான் போறதுக்கு முன்னாடி உங்களை ஒரு தபா பார்க்கச் சொன்னாரு."

நான் அவளைச் சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். முதலில் கருவிகள். மனிதர் விழித்துக்கொண்டார். ஸ்பேனர் அட்டையைப் பார்த்து, "இது ரிங் ஸ்பேனர். சும்மா ஸ்பேனர்னு சொல்லக் கூடாது" என்றார். அரம், உளி, ரம்பம், கரண்டி, கத்தரிக்கோல், பூட்டு எல்லாம் பட்டுப்பட்டென்று வந்தன. எதற்கு, எப்படிப் பிடிப்பது, எப்போது உடையும் என்பது வரை சொன்னார்.

அடுத்து ஆடு. அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"நாலு கால் இருக்கு" என்றார்.

"ஹவ். பேரு என்ன?"

"உயிர் உள்ளது. அதுக்கு மேல வரல மேடம்."

கோழிக்கும் அதே பதில். கத்தரிக்காய்க்கு, "சாப்பிடற ஐட்டம்னு நினைக்கறேன்" என்றார். நான் பெயரைச் சொல்லி, அது என்ன நிறம், வேகவைக்க வேண்டுமா, பச்சையாகத் தின்னலாமா என்றும் கேட்டுப் பார்த்தேன். பெயரைக் கேட்டும் அவருக்கு ஒன்றும் திறக்கவில்லை. நெற்றி வேர்த்தது. கடைசியாகச் சீதாப்பழம். அதை அவர் நெடுநேரம் பார்த்தார்.

"ஏதோ வார்ப்பு மாதிரி இருக்கு. மேல் ஃபினிஷ் சரியில்ல."

நான் பின்னால் திரும்பினேன். சரளா வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தாள். பிறகுதான் சொன்னாள். கல்யாணமான வருடத்திலிருந்து, சீதாப்பழம் காலம் வந்தால் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவர் வாங்கி வராத வாரம் கிடையாதாம். அவளுக்கு அது உயிர். இந்த வருடம் ஒன்றுகூட வரவில்லை. கத்தரிக்காயால் அவளுக்குக் கோபம் வந்ததே தவிர, ஆம்பூருக்கு டிக்கெட் எடுக்க வைத்தது இதுதான்.

"உனக்கு ஏதோ வாங்கணும்னு எனக்குத் தெரியும்" என்றார் தனசேகர், அவளைப் பார்க்காமல். "தெனமும் வண்டிக்கிட்ட நின்னு பார்ப்பேன். எதுன்னு தெரியாது. கேட்டா பைத்தியம்பாங்க. கம்பெனிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்."

அதனால்தான் கடைக்காரர் பேச்சுக் கொடுக்கும் மார்க்கெட்டை விட்டுவிட்டு, தானே எடுத்துப் போட்டுக்கொள்ளும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போக ஆரம்பித்திருந்தார். வரிசையில் முன்னால் நிற்கிறவர் எதை எடுக்கிறாரோ அதையே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் அனசூயா மேடத்தைக் கூட்டி வந்தேன். மேடம் வந்து, செருப்பைக் கழற்றித் தள்ளி, அவருக்கு எதிரே உட்கார்ந்தார். பெயர் எதுவும் கேட்கவில்லை. எல்லா அட்டைகளையும் கலந்து, கூடவே வீணை, மிருதங்கம், நாதஸ்வரம் மூன்றையும் நுழைத்துப் பரப்பினார். எனக்கு ஏனென்று புரியவில்லை.

"சேர்ந்ததைச் சேர்த்து வையுங்க, தனசேகர்."

அவர் வைக்க ஆரம்பித்தார். எங்கள் புத்தகத்தில் கருவிகள் என்று ஒரே குவியல். இவர் வெட்டுவது, அளப்பது, பிடிப்பது, அடிப்பது, துளைப்பது என்று தனித்தனியாக வைத்து, ஒவ்வொரு குவியலின் ஓரத்தையும் விரலால் தட்டிச் சமப்படுத்தினார். மிச்சம் இருந்த ஆடு, காக்கை, கத்தரிக்காய், சீதாப்பழம், மல்லிகை எல்லாம் மேஜையின் ஓரத்தில் ஒரு குவியல். வீணையையும் மிருதங்கத்தையும் நாதஸ்வரத்தையும் கையில் வைத்து யோசித்துவிட்டு, அந்த ஓரக் குவியலிலேயே போட்டார்.

மேடம் அதைக் காட்டி, "எந்துக்கு?" என்றார்.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதது மேடம்."

மேடம் தலையாட்டவில்லை. ஆனால் அவர் கண் ஒரு நொடி என் பக்கம் வந்து போனது. பிறகு சரளாவை அருகில் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"அம்மா, இவர் உன்னை ஏமாத்தல. நம்ம தலைக்குள்ள எல்லாச் சாமானும் ஒரே இடத்துல இல்லை. கையில பிடிச்சு வேலை செஞ்சு தெரிஞ்சுக்கிறது ஒரு பக்கம். கண்ணால பார்த்து, ருசி பார்த்து, சத்தம் கேட்டுத் தெரிஞ்சுக்கிறது வேற பக்கம்னு படிச்சவங்க நினைக்கறாங்க. காய்ச்சல் ஒரு பக்கத்தை மட்டும் தொட்டிருக்கு. உயிர் உள்ளது எல்லாம் அங்கேதான் இருந்தது. வாத்தியமும் சில பேருக்குக் கூடவே போயிடும். அதைத்தான் பார்த்தேன்."

நான் தமிழில் சொல்லி முடித்தேன். சரளா அந்த ஓரக் குவியலையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அழுவாள் என்று நான் தண்ணீர் எடுக்கப் போனேன். அவள் கேட்டது வேறு.

"நானும் உயிர் உள்ளதுதானே? அப்போ நான் எந்தப் பக்கம்?"

தனசேகர் அதை நிஜக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். மேஜையை ஒரு முறை பார்த்தார். பிறகு, வரிசையாக அடுக்கி வைத்திருந்த கருவிகளின் பக்கம் கையை வைத்து, "இந்தப் பக்கம். உன்னை நல்லாத் தெரியும்" என்றார்.

"சுத்தியலோடவா?" என்றாள் சரளா. அவளுக்குச் சிரிப்பு வந்து, அழுகையும் வந்து, இரண்டும் கலந்து ஒரு வழியாக அடங்கியது. டிக்கெட்டைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.

கம்பெனிக்கு எழுத வேண்டாம் என்று அவர் கெஞ்சியபோது மேடம் ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க கம்பெனியில கத்தரிக்காய் செய்யறாங்களா? இல்லைல்ல. அப்புறம் எதுக்குப் பயம்?"

போன அறிவு தானாகத் திரும்பி வருமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. முதலில் வழக்கமான முறையில், படத்தைக் காட்டிப் பெயரைச் சொல்லித் திரும்பத் திரும்பப் பழக்கினேன். இன்று சொன்னது அடுத்த வாரம் இருக்காது. அவருக்கும் சலிப்பு, எனக்கும் சலிப்பு. அப்போதுதான் மேடம், தெரிந்த பக்கத்திலிருந்து தெரியாத பக்கத்துக்கு ஏதாவது வழி போட முடியுமா என்று கேட்டார். அடுத்த முறை வரும்போது சமையலறைக் கருவிகளைக் கொண்டு வரும்படி சரளாவிடம் சொன்னேன். அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, தோல் சீவி, கத்தி எல்லாம் ஒரு சாக்கில் வந்தன. வாசலில் செக்யூரிட்டி நிறுத்திவிட்டார். நான் போய் அழைத்து வந்தேன்.

கருவியைக் கொடுத்ததும் தனசேகரின் கை தானாக நிமிர்ந்தது. கூடவே காயையும் கொடுத்தேன். வெண்டைக்காயை நறுக்கும்போது நின்று கத்தியைத் தொட்டுப் பார்த்தார்.

"வழவழன்னு வருது. கூலண்ட் ஊத்தவே வேணாம் போல."

கூலண்ட் என்பது லேத்தில் இரும்பு வெட்டும்போது சூடாகாமல் இருக்க ஊற்றும் எண்ணெய்த் தண்ணீர். "வெண்டைக்காய்" என்றேன். "கூலண்ட் உள்ளேயே இருக்கற காய்" என்றார். அடுத்த வாரம் வெண்டைக்காயைக் காட்டினேன். வெட்டாமலே பெயரைச் சொன்னார். எனக்குத் தலையாட்டாமல் இருக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவரே பாதை போட்டார். பட்டறைக்கு வரும் இரும்பு எப்படி வரும்? ராடாக, பைப்பாக, ஷீட்டாக, உருண்டையாக. காய்கறிகளையும் அப்படியே பிரித்தார். கேரட்டும் முள்ளங்கியும் ராடு. புடலங்காயும் பீர்க்கங்காயும் பைப்பு. கீரை எல்லாம் ஷீட்டு. முட்டைக்கோஸ் சுருட்டி வைத்த ஷீட்டு. பட்டாணி பால் பேரிங். பீட்ரூட்டை வெட்டிவிட்டு, "இது காஸ்ட் அயர்ன், வெட்டினா கையெல்லாம் கறை" என்றார். சரளா முதலில் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஃப்ரிட்ஜில் தட்டுகளை அந்தக் கணக்கிலேயே பிரித்து வைத்தாள். ஒரு நாள் அவளே என்னிடம், "இந்த வாரம் ஷீட்டு ஐட்டம் வெலை ஏறிப்போச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு, சொன்னது உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

தவறுகளும் நடந்தன. சுரைக்காய் என்று நினைத்து அவர் வெள்ளரிக்காயை வாங்கி வர, சரளா அதிலேயே கூட்டு வைத்து இருவரும் சாப்பிட்டும் விட்டார்கள். முள்ளங்கிக்கும் கேரட்டுக்கும் நிறம்தான் வித்தியாசம் என்று சொல்லிப் பார்த்தோம். நிறம் அவருக்குக் கடைசி வரை உதவவில்லை. நகத்தால் கீறி வாசம் பார்க்கக் கற்றுக்கொண்டார். சீதாப்பழம்தான் பாடாய்ப் படுத்தியது. அதற்குக் கருவியே கிடையாது, கையால் பிளக்க வேண்டும். பிளந்து, உள்ளே கொட்டை கொட்டையாக இருந்ததைப் பார்த்து, கடைசியில் 'உடைந்த பேரிங்' என்று பிடித்துக்கொண்டார். சீசன் முடியும் முன்னால் ஒரு நாள் பழமும் கையுமாக வீட்டுக்குப் போனதாகச் சரளா போனில் சொன்னாள். பாதி அழுகலாம். அதைப் பற்றி அவள் ஒரு குறையும் சொல்லவில்லை.

எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று எழுதினால் பொய். ஆடும் மாடும் வந்தன, நாய் வந்தது. பறவைகளில் காக்கையைத் தவிர வேறொன்றும் வரவில்லை. பூக்கள் சுத்தமாக இல்லை. ஆனால் அவர் வேலையை முழுதாக முடித்து, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றார். அனசூயா மேடம் வேறு ஊருக்குப் போன பிறகும், எந்த நோயாளியின் குவியலைப் பார்த்தாலும் எனக்குள் அந்தக் கேள்வி முதலில் எழும்.

நானும் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மோண்டா மார்க்கெட்டில் தனசேகரையும் சரளாவையும் பார்த்தேன். அவர் தலை முழுவதும் நரைத்திருந்தது. ஒரு பழ வண்டி முன்னால் இருவரும் நின்று எதையோ கையில் வைத்துக்கொண்டு தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். அட்டைப் பெட்டியில் காகிதம் சுற்றி வந்த ஒரு சிவப்புப் பழம். மேலெல்லாம் செதில்.

"மேடம், நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார் தனசேகர். "இது என்னன்னு சொல்லுங்க. எனக்குத் தெரியல."

நான் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அன்றுதான் அப்படி ஒன்றை முதல் முறையாகப் பார்க்கிறேன். "எனக்கும் தெரியல" என்றேன்.

"பார்த்தியா" என்று அவர் மனைவியைப் பார்த்தார். "சரி, உனக்குத் தெரியுமா?"

"நக்கோ, என்னைக் கேட்காதீங்க. நான் இதைக் கண்ணாலயே பார்த்ததில்ல."

தனசேகர் வண்டிக்காரரிடம் பழத்தின் பெயரைக் கேட்கவில்லை. "இதை எதால வெட்டணும் பாய்?" என்று ஹிந்தியில் கேட்டார். கத்தியால் ரெண்டாகப் பிளந்து ஸ்பூனால் தோண்டித் தின்ன வேண்டும் என்று சொல்லி, வண்டிக்காரர் அங்கேயே ஒன்றைப் பிளந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். உள்ளே வெள்ளை, அதில் கறுப்புப் பொடி தூவியது போல விதைகள். நின்றபடியே தின்றோம். பெரிய ருசி ஒன்றும் இல்லை.

தனசேகர் நிதானமாக மென்று முடித்து, தோலைப் பெட்டியில் போட்டுவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் சிகிச்சை அறையில்கூடப் பார்த்ததில்லை.

"இனிமே இது நம்ம மூணு பேருக்கும் தெரியும்" என்றார்.